பற்ற வைக்காத வெந்நீர்

பவானி: மாமா... நேத்து சாய்ந்தரம் குளிக்கிற டிரம்முல தண்ணி சூடா இருந்துச்சா?

சுப்புராயன்: இருந்துச்சே. ஏன்?

பவானி: எப்பிடி இருந்துச்சு?

சுப்புராயன்: வெந்நி எப்பிடி இருக்கும்? வெந்நி மாதிரிதான். இன்னா காலங்காத்தால இம்மாம் கேள்வி? டீ போட்டியா?

பவானி: கொதிச்சுகினு கீது. நல்ல சூடா, இல்ல வெதுவெதுன்னா?

சுப்புராயன்: நல்ல சூடும்மா. உள்ள எறங்கினதும் முட்டிவலியெல்லாம் கழண்டு போச்சு. கழுத்து வரிக்கும் முங்கிகினு கண்ண மூடிட்டேன். உம் புருசன் வீடியோல பாத்துட்டு சொல்லுவானே, ஜப்பான்ல வேல முடிஞ்சி வந்து கெழவன்லாம் அப்பிடித்தான் உக்காருவான்னு...

பவானி: மாமா.

சுப்புராயன்: இன்னா?

பவானி: நேத்து நான் தீயே மூட்டல. இப்பதான் சாம்பல் அள்ள மொட்டமாடிக்கு போனேன். சாம்பலே இல்ல. கொட்டாய்க்கு வெளியேர்ந்து டிரம்முக்கு கீழ நான் அடுக்கின வெறகு அப்பிடியே கீது.

சுப்புராயன்: எரிஞ்சிருக்கும். நீ சரியா பாத்திருக்க மாட்ட.

பவானி: எரிஞ்சிட்டு திருப்பி வெறகா ஆயிடுச்சா?

சுப்புராயன்: அடிக்கிற வெயிலுக்கு... தகரக் கொட்டாய் வேற. இரும்பு டிரம்மு. அதுவே சூடேறியிருக்கும்.

பவானி: முட்டிவலி கழண்டு போற அளவுக்கா?

சுப்புராயன்: நீ ஏன் மூட்டல? அத்த சொல்லு மொதல்ல.

பவானி: துணி அடுக்கினு இருந்தேன். இன்னிக்கி மதியம் அண்ணன் வேன் எடுத்துகினு வருது இல்ல... அந்த நெனப்புல தண்ணிய ரொப்பிட்டு மறந்துட்டேன்.

சுப்புராயன்: ம்... அன்பரசன் மீஞ்சூர்லேர்ந்து கெளம்பிட்டானா?

பவானி: பேச்ச மாத்தாதீங்க மாமா.

சுப்புராயன்: இரு, இரு. எனக்கப்புறம் நீதான உள்ள போன? கதவ சாத்திகினு எம்மா நேரம் இருந்த. வெளிய வந்து இன்னா சொன்ன? "ஒடம்பே லேசா கீது மாமா"ன்ன.

பவானி: சொன்னேன்...

சுப்புராயன்: தீ மூட்டாத தண்ணில உனுக்கு இன்னாம்மா லேசாச்சு?

பவானி: மொதல்ல கேட்டது நானு.

சுப்புராயன்: எனக்கு தல சுத்துது. நான் எறங்கல. நீயும் எறங்கலயா?

பவானி: அப்ப நீங்க எறங்கல!

சுப்புராயன்: ...வாய வுட்டுட்டேனா.

பவானி: நேத்து மட்டுமா?

சுப்புராயன்: நேத்து... முந்தாநேத்து... அவன் போனதுலேர்ந்தே. நீ?

பவானி: நானுந்தான்.

சுப்புராயன்: அடிப்பாவி! தெனம் தல ஈரமா வருவியே?

பவானி: பக்கெட்டு தண்ணி. நீங்க?

சுப்புராயன்: அதே பக்கெட்டுதான். அதான் அந்த பக்கெட்டுல தண்ணி கொறையுதேன்னு பாத்தேன்.

பவானி: அய்யோ மாமா.

சுப்புராயன்: எல்லாம் அந்த டிரம்ம செஞ்ச உம் புருசன் போட்ட சட்டம். அழுக்க வெளியவே தேச்சு கழுவிடணும், உள்ள சும்மா உக்காரணும், பெரியவங்க மொதல்ல, அதே தண்ணில அடுத்த ஆளு. தண்ணி கண்ணாடி மாதிரியே கீது. எவன் எறங்கினான், எவன் எறங்கலன்னு யாருக்கு தெரியும்?

பவானி: எதிர்வூட்டு கெங்கம்மா அக்கா கேக்கும், ஒருத்தர் உக்காந்த தண்ணில இன்னொருத்தரா, கலீஜுன்னு.

சுப்புராயன்: அவ அதோட வுட்டாளா? "சுப்புராயன் வூட்ல மனுசன வெச்சு கொழம்பு வெக்கிறாங்க"ன்னு தெருவுல சொல்லிட்டா. அத்த கேட்டு எம் புள்ள ரஞ்சித்து வுழுந்து வுழுந்து சிரிச்சான். அழுவாத. டீ பொங்குது பாரு.

பவானி: எறக்கிட்டேன்... நீங்க ஏன் மாமா எறங்கல?

சுப்புராயன்: அடில சூடு தாக்காம இருக்க ஒரு பலக போட்டான் பாரு, மிதிச்சிகினு எறங்க. அதுல அவன் பாதம் வெச்ச எடம் மட்டும் வேற நெறமா கீது. நான் எங்க கால வெக்கிறது? ஓரமா குந்திகினு பாத்துகினே இருப்பேன். அப்புறம் எந்திரிச்சு வந்து நல்லா இருந்துச்சுன்னு சொல்வேன்... நீ?

பவானி: நான் ஒரு வாட்டி எறங்கினேன்.

சுப்புராயன்: எப்போ?

பவானி: கருமாதி முடிஞ்ச மறுநாளு. சூடு அப்பிடியே முதுவுல ஏறிச்சு. தோளு ரெண்டும் தானா எறங்கிச்சு. மூச்சு நீளமா வந்துச்சு... சுகமா இருந்துச்சு மாமா.

சுப்புராயன்: அதுக்குத்தான அவன் செஞ்சான்.

பவானி: எண்ணூர் ரோட்டுல அவரு லாரிக்கடில கெடந்தாரு. எனக்கு வெந்நில சுகமா கீது. அசிங்கமா போச்சு. அதோட எந்திரிச்சவதான். அப்புறம் உள்ள போனா செவுத்துல சாஞ்சிகினு உக்காந்திருப்பேன், அவ்ளோதான்.

சுப்புராயன்: அதுல இன்னாம்மா அசிங்கம்... எனக்கு சொல்லத் தெர்ல. ஒடம்பு அது பாட்டுக்கு கேக்கும்.

பவானி: தெரியாது மாமா. எனக்கு ஒண்ணியும் புரியல.

சுப்புராயன்: அப்ப ஏன் தெனம் பம்பு அடிச்சு, மாடி ஏறி ரொப்பின?

பவானி: உங்களுக்குத்தான். அதுல உக்காந்துட்டு வந்தா நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன்.

சுப்புராயன்: நான் எங்க தூங்கினேன்? பாயில கண்ண மூடிகினு கெடந்தேன்.

பவானி: நீங்க ஏன் மீன் ஆர்பர்லேர்ந்து ஒடஞ்ச பெட்டியெல்லாம் இஸ்துகினு வந்தீங்க, வெறகுக்கு?

சுப்புராயன்: உனுக்குத்தான். நீ தேறிகினு வர்றன்னு நெனச்சேன்.

பவானி: நீங்க தேறிட்டீங்கன்னு நெனச்சுத்தான் மாமா, இந்த வாட்டி அண்ணன் கூப்ட்டப்ப சரின்னு சொல்ட்டேன்.

சுப்புராயன்: அவன் கூப்பிடறது நாயந்தான். புருசன் இல்ல, மாமியாக்காரியும் போய்ச் சேந்துட்டா. மாமனாரோட தனியா ஒரு பொண்ணுன்னா ஊரு நாலு விதமா பேசும்.

பவானி: ஊர வுடுங்க. நீங்க இன்னா சொல்றீங்க?

சுப்புராயன்: நான்... ஒரு தப்பு பண்ணிட்டேன். முந்தாநேத்து அன்பரசனுக்கு போன் போட்டேன்.

பவானி: எங்க அண்ணனுக்கா? எதுக்கு?

சுப்புராயன்: "பவானி இங்க அந்த வெந்நில உக்காந்துதாம்பா உசுரோட கீது. மீஞ்சூர்ல அது ஏது? இட்டுகினு போயிட்டன்னா பொண்ணு தாங்காது"ன்னேன். நீ எறங்கறதே இல்லன்னு எனக்கு தெரியாது... தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீ போனா இந்த வூட்ல அவனப் பத்தி நான் யார்கிட்ட பேசறது?

பவானி: அண்ணன் இன்னா சொல்லிச்சு?

சுப்புராயன்: சிரிச்சான். ஏம்பா சிரிக்கிறன்னேன். ஒண்ணும் இல்ல, நேர்ல வந்து பேசிக்கறேன்னு வெச்சிட்டான். இன்னும் எனக்கு வெளங்கல, இதுல சிரிக்க இன்னா கீது?

பவானி: போன மாசமே அது வேன் எடுத்துகினு வந்துச்சு மாமா. நீங்க போட்ல கடலுக்கு போயிருந்தீங்க. "மாமா அந்த வெந்நிலதான் உசுரோட கீறாரு, நான் வந்துட்டா அவரு தாங்க மாட்டாரு"ன்னு நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்... இன்னிக்கி, நான் வரலன்னு நீங்களே வாசல்ல நின்னு சொல்லிடுங்க. நான் சொன்னா மறுக்கா சிரிக்கும்.