பின்னுக்குப் போன மட்டை

ஆர்லீன்: கதவை மெதுவா சாத்துடா. வண்டி என்னோடது.

டுவைட்: நீ வாயைச் சாத்தியிருந்தா நான் ஏன் கதவை அறையப் போறேன்?

ஆர்லீன்: டாக்டர் கேட்டார். சொன்னேன்.

டுவைட்: என்னைத்தான் கேட்டார்! "வாரத்துல எத்தனை நாள் பிக்கிள்பால் ஆடுறீங்க, டுவைட்?" டுவைட் யாரு? நான். ரெண்டு நாள்னு சொன்னேன். அதோட விட்டிருந்தா இந்நேரம் முட்டியில ஊசி ஏறியிருக்கும்.

ஆர்லீன்: நீ மட்டையைத் தூக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடுறது ஆறு நாள். சனிக்கிழமை காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

டுவைட்: அது எனக்குத் தெரியாதா?

ஆர்லீன்: அவருக்குத் தெரிய வேண்டாமா?

டுவைட்: துணைக்கு வந்த அக்கா வெளியில உட்கார்ந்து பத்திரிகை புரட்டணும். உள்ளே வந்து சாட்சி சொல்லக் கூடாது.

ஆர்லீன்: சாட்சியா?

டுவைட்: ஆமா, என்ன?

ஆர்லீன்: ஒண்ணுமில்ல. அந்த வார்த்தையை விடு.

டுவைட்: கிளம்பு முதல்ல. அவசரம்னு சொல்லிட்டு வாசல் படியை விட்டுட்டு, சக்கர நாற்காலி போற சரிவுல சுத்தி நடந்து வர்ற...

ஆர்லீன்: உன் முட்டிக்காகத்தான்டா.

டுவைட்: நான் படியிலதான் இறங்கினேன்.

ஆர்லீன்: இறங்கினியா, பல்லைக் கடிச்சுட்டு உருண்டியா? பார்த்துட்டுத்தான் வந்தேன்.

டுவைட்: சனிக்கிழமை ஜோடிப் போட்டி, அக்கா! நீயும் நானும். அந்த ஒரு ஊசியை நம்பித்தான் வந்தேன்.

ஆர்லீன்: ஊசி வலியைக் கொஞ்ச நாள் அமுக்கும், தேய்ஞ்ச சவ்வைத் திரும்பத் தராதுன்னு எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னாரே. வலி தெரியலேன்னா நீ ஆறு நாளும் குதிப்ப. அதான் முதல்ல பிசியோ, ஆட்டத்தைக் குறை, அப்புறமும் தாங்கலேன்னா ஊசியைப் பத்திப் பேசலாம்னார்.

டுவைட்: பிசியோவாம்! சுவத்துல முதுகைச் சாய்ச்சு, நாற்காலியே இல்லாம நாற்காலியில உட்கார்ற மாதிரி நிக்கணுமாம். ரெண்டு மாசம்! ரப்பர் பட்டையை வேற கையில குடுத்து அனுப்பியிருக்காங்க. இதைக் கட்டிட்டு நான் என்ன, கொக்கு மாதிரி நடக்கிறதா?

ஆர்லீன்: தொடையில பலம் வந்தா முட்டிக்குப் பாரம் குறையும்.

டுவைட்: நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?

ஆர்லீன்: காது இருக்கு, கேட்டேன். நீ ஊசி எந்த டிராயர்ல இருக்குன்னு பார்த்துட்டு இருந்த.

டுவைட்: ஆபரேஷன்னு சொல்லியிருந்தாக் கூட ஒரு மரியாதை.

ஆர்லீன்: அதுக்கு இன்னும் காலம் இருக்குன்னார். உனக்கு அதிலேயும் வருத்தமா?

டுவைட்: நான் பாட்டுக்கு என் வைத்தியத்தைப் பார்த்துட்டு இருந்தேன். நீதான் இழுத்துட்டு வந்த.

ஆர்லீன்: எது வைத்தியம்? குதிரைத் தைலமா?

டுவைட்: என் சிநேகிதன் வெயின் அதை வருஷக் கணக்கா...

ஆர்லீன்: வெயின் குதிரைக்குப் பூசுறான்! உன் வீட்டுக்குள்ள வந்தா லாயத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. அது போக செம்பு நூல் போட்ட முட்டி உறை, மஞ்சள் மாத்திரை, முட்டியில ஐஸுக்குப் பதிலா வைக்க ஃபிரீசர் பூரா பட்டாணிப் பொட்டலம். ஒரு நாளாவது அதைச் சமைச்சிருக்கியா?

டுவைட்: சிரிக்காதே.

ஆர்லீன்: யாரு சிரிக்கிறா? எனக்கு இருக்கிற கோபத்துக்கு...

டுவைட்: ஏசியையாவது போடு. அரிசோனா வெயில்ல வண்டிக்குள்ள வச்சு வேக வைக்கிற. பதினோரு மணிக்குக் கமிட்டி வேற கூடுது.

ஆர்லீன்: தெரியும். உன் மட்டையை நகர்த்தினான்னு ஹார்லனை கிளப்பை விட்டு நீக்கப் போறாங்க.

டுவைட்: நீக்கட்டும். மட்டை வைக்கிற ரேக்ல யாரோடது முன்னால இருக்கோ அவங்கதானே அடுத்து இறங்கணும்? நான் வரிசையில வச்சுட்டுப் போவேன். தண்ணி குடிச்சுட்டு வந்து பார்த்தா என் மட்டை கடைசியில கிடக்கும். ஒரு நாளா, ரெண்டு நாளா?

ஆர்லீன்: அவன் பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவனுக்கு இந்த கிரவுண்டுதான்டா எல்லாம். விடியறதுக்கு முன்னாடி வந்து பெருக்குறான். கடைசி ஆள் போற வரைக்கும் நிக்கிறான். கேட்டைச் சாத்திட்டா அவன் எங்கே போவான்?

டுவைட்: இந்தக் கரிசனம் போன கூட்டத்துல எங்கே போச்சு? நீயும்தானே எழுந்து பேசின?

ஆர்லீன்: அதுக்கு வரேன். முதல்ல நீ சொல்லு. ஒரு ஆட்டம் முடிஞ்ச கையோட அடுத்ததுல இறங்குவீங்களான்னு டாக்டர் கேட்டாரே, என்ன சொன்ன?

டுவைட்: ஞாபகமில்ல.

ஆர்லீன்: எனக்கு இருக்கு. "நான் கவனமாத்தான் இருக்கேன் டாக்டர், ரெண்டு சுத்து விட்டுத்தான் இறங்குவேன்"னு சொன்ன.

டுவைட்: பேச்சுக்குச் சொன்னது.

ஆர்லீன்: மட்டை முன்னால வந்துட்டா பேரைக் கூப்பிடுவாங்க. இறங்கியே ஆகணும். நீ எப்படிடா ரெண்டு சுத்து விடுற?

டுவைட்: ஏசியைப் போடு, அக்கா.

ஆர்லீன்: எப்படி விடுற?

டுவைட்: எந்தப் பொத்தான்? நானே போட்டுக்கறேன்.

ஆர்லீன்: டுவைட்!

டுவைட்: நான்தான். போதுமா? நானேதான் நகர்த்தினேன். ஒரு ஆட்டம் முடிஞ்சா முட்டி பன்னு மாதிரி வீங்கிடுது. எல்லாருக்கும் தெரியிற மாதிரி உட்கார்ந்தா, "என்ன டுவைட், முடியலையா?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அன்னைக்குக் கமிட்டித் தலைவி லோரெட்டா ஊருக்கே கேட்கிற மாதிரி, "உன் மட்டை ஏன் கடைசியில கிடக்கு?"ன்னா. யாரோ நகர்த்திட்டாங்கன்னு வாயில வந்துடுச்சு. ஹார்லன் விளக்குமாத்தோட ரேக் பக்கத்துல நின்னான்.

ஆர்லீன்: நின்னான். அவன் பண்ணின தப்பு அவ்வளவுதான்.

டுவைட்: முட்டி போச்சுன்னு தெரிஞ்சா நீ வேற ஜோடி தேடிக்குவ. கிளென் போன வருஷமே தன்னோட ஆட உன்னைக் கேட்டான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

ஆர்லீன்: அதுக்காக ஒரு மனுஷனை...

டுவைட்: என்னை மட்டும் சொல்லாதே! நான் "யாரோ"ன்னுதான் சொன்னேன். ஹார்லன் பேரைச் சொன்னது நீ! கமிட்டி முன்னால எழுந்து நின்னு, "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்"னு சொன்னது யாரு? நீ சொன்ன வேகத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் நகர்த்தாத அன்னைக்கு அவனும் நகர்த்தியிருப்பானோன்னு! அதான் வாயைத் திறக்கல. சொல்லு, எதைப் பார்த்த?

ஆர்லீன்: பெல்ட்டைப் போடு.

டுவைட்: அக்கா... எதைப் பார்த்த?

ஆர்லீன்: பதினோரு மணிக்குள்ள போயாகணும், ரெண்டு பேரும் பேசியாகணும். மட்டை நகர்ந்த அன்னைக்கு நான் எங்கே இருந்தேன்னு கூட்டத்துல லோரெட்டா கேட்டா. ரேக் பக்கத்துலன்னுட்டேன். அங்கே இருந்தா எதையாவது பார்த்திருக்கணுமே... பார்த்தேன்னுட்டேன். நான் ரேக் பக்கமே இல்லடா. கழிவறையில கதவைத் தாழ் போட்டுட்டு, என் முட்டியில பட்டாணிப் பொட்டலத்தைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்.