பால்மாப் பையில் மருதங்கன்று

— சத்தமாக் கதையுங்கோ. பக்கத்தில நிக்கிற மனிசி தன்ட மகனோட கத்துறதுதான் எனக்குக் கேக்குது. மருதமரம் எண்டீங்கள், அதுக்குப் பிறகு ஒண்டும் விளங்கேல்ல.

— மருதமரத்தில கொக்கு கூடு கட்டியிருக்கு எண்டனான், ஸுஹறா. மூண்டு கூடு. சொன்னா நம்பமாட்டாய், அதுகள்ட சத்தம் எங்கட வோர்ட் வரைக்கும் கேக்குது. அல்ஹம்துலில்லாஹ்.

— நல்லது. வலு நல்லது. சுபஹுக்கு முன்னம் எழும்பி, முல்லைத்தீவில பஸ் ஏறி, வவுனியாவில இறங்கி, மழைத் தூறல்ல ரெண்டு மணித்தியாலம் இந்தச் சிறைச்சாலை வாசல்ல வரிசையில நிண்டது கொக்குக் கதை கேக்கத்தான்.

— கோவமா?

— எனக்கென்ன கோவம். நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான். முதல்ல நீங்கள் சொல்லி முடியுங்கோ.

— சாமான் குடுத்திட்டியா?

— குடுத்தனான். பால்மா ரெண்டு, பிஸ்கட் நாலு, சவர்க்காரம். எல்லாத்திலயும் மார்க்கர் பேனையால சிறாஜ் எண்டு எழுதி, உங்கட நம்பரும் எழுதி. எழுதாட்டி வாசல்ல எடுக்கமாட்டாங்களே. பதின்மூண்டு மாசமா எழுதுறன். கலியாணக் கடுதாசியிலகூட உங்கட பேரை இவ்வளவு தரம் எழுதேல்ல.

— பால்மா பெரிய பையாத்தானே?

— ஏன், பசியா?

— பசியில்ல. பைதான் தேவை. உனக்குச் சொல்ல மறந்திட்டன். இஞ்ச பின்பக்கம் மரக்கண்டு வளர்க்கிற வேலை எண்டு சொன்னனான்தானே? மண் போட்டுக் கண்டு வைக்கிற கறுத்தப் பை முடிஞ்சு போச்சு. அப்ப நான்தான் யோசினை சொன்னனான். பால்மாப் பையைக் கழுவி, அடியில நாலு ஓட்டை போட்டா அதைவிடத் திறம். கண்டு நல்ல மொத்தமா வருது.

— நீங்கள்தானா யோசினை சொன்னது?

— ஓம். ஏன் அப்பிடிப் பாக்கிறாய்?

— பேரை அழிச்சிட்டுத்தானே மண் போடுறனீங்கள்?

— ஏன் அழிக்க? இது என்ட கண்டு எண்டு தெரியோணுமே. தண்ணி ஊத்தேக்க உன்ட எழுத்தையும் பாப்பன். அது எனக்கொரு ஆறுதல்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்டுமில்ல. இடம் மாத்திக் குடுத்தாங்களா? கக்கூஸ் பக்கத்தில படுக்கேலாது, நாத்தத்தில சத்தி வருது எண்டு போன நோன்புக்கு அழுதீங்கள்.

— குடுத்தாங்கள். கதவுப் பக்கம், நல்ல காத்து. நான் அதைக் கரைப்பக்கத்து யாகப்பு அண்ணனுக்குக் குடுத்திட்டன். மீன்பிடி வழக்கில வந்தவர். பாவம், இழுப்புக்காரன்.

— உங்களுக்கென்ன விசரா?

— கேளன். கக்கூஸ் பக்கத்தில படுத்தாத்தான் மேல இருக்கிற கம்பிக்குள்ளால மரம் தெரியும். ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு தெரியும், அவ்வளவுதான். வேற எங்க படுத்தாலும் சுவர்தான். முதல் ஆறு மாசம் நாத்தத்துக்குப் பயந்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான். ஒருநாள் தற்செயலா இந்தப் பக்கம் திரும்பினன். சொன்னா நம்பமாட்டாய், இலையில வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்துது. மதிலில இன்னும் படேல்ல. எனக்கு அழுகை வந்திட்டு.

— கக்கூஸில படுத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ்.

— ஓம். அங்க படுத்துக்கொண்டுதான். வெளிய இருக்கேக்க நான் மரத்தைப் பாத்ததே இல்ல, ஸுஹறா. அளந்துதான் பாத்தனான். இதில எத்தனை பலகை வரும், இதில எத்தனை நாளைக்கு விறகு வரும் எண்டு. இஞ்ச வந்துதான் சும்மா பாக்கப் பழகினனான்.

— நானும் மகள் நஃப்லாவும் சும்மா ஒண்டையும் பாக்கிறேல்ல. காலமை எழும்பினா தண்ணிக்குக் குடம் தூக்குறம்.

— ஏன் குடம்? கிணறு இருக்குத்தானே?

— முஃப்லிஹா சாச்சி வீட்டில நிக்கிறம். அங்க கிணறில்ல.

— சாச்சி வீட்டிலயா? ஏன்?

— மழை. தகரம் ஒழுகுது.

— வந்து தகரத்தைப் பாக்கிறன். கிணத்துத் தண்ணி எப்பிடி? இந்த மழைக்கு மேல வந்திருக்குமே. வாப்பா வெட்டின கிணறு, கோடையிலயும் வத்தாது.

— கொக்குக் கதையைச் சொல்லுங்கோ.

— இல்ல, உனக்கு இதைச் சொல்லோணும். அந்த மருதின்ட கொப்பொண்டு மதிலுக்கு மேலால உள்ள நீண்டு நிக்குது. காத்தடிச்சா காய் இஞ்சால விழும். அதைப் பொறுக்கித்தான் நான் கண்டு போட்டது. ஆரும் சொல்லித் தரேல்ல. போன மாசம் முந்நூற்றுச் சொச்சம் கண்டு லொறியில ஏத்தினாங்கள். எங்கயோ காடு வெட்டின இடத்தில நடவாம். நான் பதினொரு மரம் வெட்டினன். முந்நூறு மரம் வளர்த்துக் குடுத்திட்டன். இனி அல்லாஹ்விட்டத் தலை நிமிந்து நிப்பன்.

— பதினொரு மரம்.

— ஓம்.

— அதில ரெண்டு உங்கட வாப்பாட குசினிக்குள்ள நிண்டது.

— ஓம்.

— ஒண்டு உங்களைப் பெத்த அறைக்குள்ள நிண்டது. சுவரைப் பிளந்துகொண்டு.

— எனக்குத் தெரியாதா, ஸுஹறா? நான்தானே வெட்டினது.

— தொண்ணூறில முஸ்லிம்கள் எண்டு சொல்லி இயக்கக்காரர் எங்களை வடக்கை விட்டுத் துரத்தினாங்கள். நான் உம்மாட இடுப்பில. இருபத்திரண்டு வருசம் புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள கிடந்தம். அகதி, அகதி எண்டு பேர் கேட்டம். திரும்பி வந்து பாத்தா வீட்டுக்குள்ள காடு. காடு வந்து எங்கட வீட்டில இருந்தது குற்றமில்லயாம். நாங்கள் காட்டுக்குள்ள இருந்ததுதான் குற்றமாம். காணி உறுதி எங்க எண்டு வன இலாகாக்காரர் கேட்டாங்கள். ஓடச் சொன்ன நேரம் உறுதியைத் தேடுறதா, பிள்ளையளைத் தேடுறதா?

— மரத்தில என்ன பிழை? எங்களைத் துரத்தினது மரமா? நாங்கள் இல்லாத காலமெல்லாம் எங்கட வளவுக்குக் காவல் நிண்டது அதுதான். வேற ஒருத்தரும் வந்து குடியேறாம வைச்சிருந்தது அதுதான். எனக்கு இது இஞ்ச படுத்திருக்கேக்கதான் விளங்கினது. காவல் நிண்டதைப் போய் வெட்டியிருக்கிறன்.

— வாயை மூடுங்கோ.

— ஸுஹறா.

— இல்ல, மூடுங்கோ. கோட்டில இந்த வாயை மூடச் சொல்லித்தான் லோயர் கெஞ்சினவர். வளவைத் துப்பரவாக்கினன், தெரியாமச் செய்திட்டன், மன்னியுங்கோ எண்டு சொல்லச் சொன்னவர். நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— உண்மையைச் சொன்னன்.

— ஓம் வெட்டினன், திரும்பியும் வெட்டுவன் எண்டீங்கள். அந்தத் திரும்பியும் எண்ட சொல்லுக்குத்தான் பதினாலு மாசம். இந்தப் பதின்மூண்டு மாசமும் நான் சந்தையில வெங்காயம் துடைச்சன். நஃப்லாட சப்பாத்துக் கிழிஞ்சு ரெண்டு தவணை பள்ளிக்கூடத்தில ஏச்சுக் கேட்டாள். நீங்கள் என்னெண்டா மரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள். எனக்கு ஒருநாள் நன்றி சொன்னீங்களா?

— இஞ்ச சத்தம் போட வேணாம். அஞ்சு நிமிசம் இருக்கு. நல்லாக் கதைங்க.

— சரி ஜெயிலர் மாத்தயா, மன்னியுங்கோ. நல்லாத்தான் கதைக்கிறம்.

— ஸுஹறா, அழாத. உனக்குச் சொல்லேல்லத்தான். பிழை. சுவர்லயும் கம்பியிலயும் முகத்தை வைச்சுக் கதைச்சுக் கதைச்சு, உன்னோட எப்பிடிக் கதைக்கிறது எண்டே மறந்து போச்சு. வெளிய வந்து சொல்லுறன். ஒன்பதாம் திகதி. இன்னும் பதினேழு நாள்.

— எனக்கும் தெரியும் எத்தனை நாள் எண்டு.

— வந்த உடன எங்க போவன் தெரியுமா? நேரா எங்கட கிணத்தடிக்கு. வாளியால அள்ளி அள்ளித் தலையில ஊத்துவன். இஞ்ச ஒரு சிரட்டைத் தண்ணிக்கு அடிபாடு. பேந்து ஒரு மருதங்கண்டு கிணத்தடியில நடுவன். போகேக்க ஒண்டு தாறன் எண்டு இஞ்ச கண்டு வேலைக்குப் பொறுப்பான பெரியவர் சொன்னவர். வெட்டின இடத்திலயே ஒண்டை நட்டாத்தான் எனக்கு நித்திரை வரும்.

— கொண்டுவரத் தேவையில்ல.

— ஏன்?

— அங்க இருக்கு.

— என்ன இருக்கு?

— மருதங்கண்டு. கிணத்தடியிலயும் இருக்கு. குசினியிலயும் இருக்கு. உங்களைப் பெத்த அறையிலயும் ரெண்டு இருக்கு.

— நீ என்ன சொல்லுறாய்?

— இதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் கொக்குக் கதை சொன்னீங்கள், நான் விட்டுட்டன். போன மாசம் மழை தொடங்க இலாகாக்காரர் வந்தாங்கள். எங்கட தகரத்தைக் கழட்டி ரோட்டில அடுக்கினாங்கள். அலுமாரியையும் ரெண்டு கதிரையையும் மழையில வைச்சாங்கள். வளவைச் சுத்திக் கம்பி அடிச்சாங்கள். அடுத்த நாள் லொறி வந்திச்சு.

— லொறியா?

— ஓம். லொறிதான். காடு வெட்டின இடத்தில நட.

— இல்ல. வேற லொறியா இருக்கும். எத்தனையோ இடத்தில கண்டு வளர்க்கிறாங்கள்.

— நானும் வேற ஆரோ வளர்த்தது எண்டுதான் நினைச்சன். ஒரு கிழமை பொறுத்தன். பேந்து ஒருநாள் காலமை நஃப்லாவையும் கூட்டிக்கொண்டு கம்பிக்குக் கீழால பூந்து போனன். வரிசை வரிசையா நிண்டுது. புடுங்கினன். இதை வளர்த்தவன்ட கை அழுகிப் போகோணும் எண்டு சொல்லிச் சொல்லிப் புடுங்கினன்.

— யா அல்லாஹ்.

— நாப்பது, அம்பது இருக்கும். கை முழுக்கச் சேறு. கழுவுவம் எண்டு கிணத்தை எட்டிப் பாத்தா தண்ணி தெரியேல்ல. நட்டுப்போட்டுக் கிழிச்ச பையெல்லாத்தையும் உள்ள கொட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். கிணத்துத் தண்ணி எப்பிடி எண்டு கேட்டீங்களே, இப்பிடித்தான் கிடக்கு. நஃப்லாதான் வாளி விட்டு ஒண்டை அள்ளினவள். உம்மா, இதில வாப்பாட பேர் கிடக்கு எண்டாள்.

— என்ட பேரா?

— ஓம், உங்கட பேர்தான். அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கோ. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், எனக்கு வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல.

— எல்லாத்தையும் புடுங்கிட்டியா?

— பாருங்கோ. வீட்டைக் கேக்கேல்ல. மரத்தைக் கேக்கிறீங்கள்.

— ஸுஹறா, சொல்லு. எல்லாத்தையுமா?

— இல்ல. பேரைப் பாத்தாப் பிறகு கை வரேல்ல. அந்தப் பையைக் கையில வைச்சுக்கொண்டு குந்தியிருந்து அழுதன். என்ட எழுத்து. நான் வெங்காயம் துடைச்சு வாங்கின பால்மா. பேந்து புடுங்கினதையெல்லாம் திருப்பி நடத் தொடங்கினம். நானும் மகளும். அவள் குழியைக் கிளற, நான் வேரை மண்ணுக்குள்ள வைச்சு மிதிச்சன். நாசமாப் போக எண்டு நான் சொன்ன கண்டுகளுக்கு நானே பிஸ்மி சொல்லி நட்டன்.

— பிழைக்கும். மருது பிழைக்கும். வேர் காயாட்டிப் பிழைக்கும்.

— அரைவாசிகூட முடியேல்ல. காவல்காரன் வந்திட்டான். என்ட கையில கண்டு, வேர் வெளிய தொங்குது. நடுறன் எண்டு சொன்னன். சிரிச்சான். புடுங்கினது எண்டு எழுதினான்.

— நீ நட்டனீ எண்டு நான் வந்து சொல்லுறன். அது நான் வளர்த்த கண்டு எண்டு சொல்லுறன். பெரியவரிட்டக் கடிதம் வாங்கிறன்.

— வளவு உங்கடயில்ல எண்டவங்கள், கண்டு உங்கட எண்டு சொல்லுவாங்களா? லோயரைக் கேட்டனான். வேலிக்குள்ள பூந்ததே போதுமாம். புருசனும் பொஞ்சாதியும் ஒரே காணியில எண்டா இரக்கம் பாக்கமாட்டினமாம். குறைஞ்சது மூண்டு மாசம் மறியலாம்.

— எப்ப வழக்கு?

— பன்னிரண்டாம் திகதி.

— நான் ஒன்பதாம் திகதி வாறன்.

— ஓம். மூண்டு நாள் கிடைக்கும். அதுக்குள்ள நஃப்லாவுக்கு எந்தெந்தப் பாடத்துக்கு ஆரிட்டப் போறதெண்டு சொல்லித் தாறன். வெங்காயக் கடைக்காரரையும் காட்டித் தாறன். பால்மாப் பையில என்ட பேர் எழுத மறக்காதீங்கோ, எழுதாட்டி வாசல்ல எடுக்கமாட்டாங்கள்.

— ஸுஹறா, நீ கோட்டில ஒண்டும் சொல்லாத. லோயர் சொல்லுறதை மட்டும் சொல்லு. என்னைப்போலக் கதையாத.

— அம்மா, நேரம் முடிஞ்சுது. அடுத்த ஆள் வரணும்.

— போறன் மாத்தயா. ஒண்டே ஒண்டு கேட்டிட்டுப் போறன். இஞ்சாருங்கோ, பொம்பிளையள் பக்கத்தில இருந்து பாத்தா அந்த மருதமரம் தெரியுமா?