நல்லா கொதிக்க வைம்மா

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் தம்பி. தண்ணி எங்கேருந்து எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. டவுன் குழாயா? அப்ப குடிக்கலாம்.

கேக்காம இருக்க முடியல, பழகிப்போச்சு. நம்ம அயோவா மாநிலத்துல சோளக்காட்டு உரமும் பன்னிக் கொட்டகைக் கழிவும் மண்ணுல இறங்கி, நைட்ரேட்டாக் கிணத்துக்கு வந்துடும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. நாம தாக்குப் பிடிச்சுடுவோம். கைக்குழந்தைக்கு மட்டும் உதடு நீலம் பாரிச்சுடும். இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேஞ்சுபோச்சு.

கிணத்துத் தண்ணிக்கு ஒரு சட்டம் கேட்டு ஒவ்வொரு வருஷமும் மாநில சட்டசபைக் குழு முன்னால போய் நிப்பேன். ஆளுக்கு மூணு நிமிஷம் தருவாங்க. பண்ணைக்காரங்க பின் வரிசையில, "கிணத்தம்மா வந்தாச்சுடா"ன்னு சிரிப்பாங்க. குழுத் தலைவர் மரியாதையான மனுஷன். ஒரே கேள்விதான் கேப்பார். "இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களாம்மா?" இல்லைம்பேன். "அடுத்தது யாரு?"ன்னு கூப்பிட்டுடுவார். பதினோரு வருஷம் இப்படியே போச்சு.

அப்பத்தான் வீட்டுக் கிணத்துத் தண்ணியச் சோதிச்சுச் சொல்லச் சொல்லி கெய்லி கூப்பிட்டா. புதுசா குடிவந்த பொண்ணு, மடியில மூணு வாரப் பிள்ளை ஓவன். புட்டிப்பால்தான். அவ அடுப்படியிலேயே சோதனை பண்ணினேன். அட்டைக் குச்சியத் தண்ணியில முக்கணும், கெட்ட தண்ணின்னா சிவக்கும். பீட்ரூட் சாறு பட்ட மாதிரி சிவந்துச்சு. கெய்லி அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தா. நான் குச்சியக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டேன்.

"எப்படியிருக்கு மார்லிஸம்மா? பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

"தாராளமா."

"எதுக்கும் நான் கொதிக்க வச்சுத்தான் கலக்குறேன். பாலா சூப்பான்னு டெரிக் கிண்டல் பண்றான்."

"உன் புருஷன் கிடக்கான். நல்லா கொதிக்க வைம்மா."

கொதிக்க வச்சா நைட்ரேட் போகாது தம்பி. தண்ணிதான் ஆவியாப் போகும், மிச்சத்துல அது கூடத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் குடுத்தவ நான், தெரியாம சொல்லல. பிள்ளைக்குக் கொஞ்சம் முடியாமப் போகும், ஆஸ்பத்திரியில ஊசி போட்டா தேறிடும்னு நெனச்சேன். ஆனா தலைவர் கேட்டது சீக்குப் பிள்ளையை இல்லைன்னும் எனக்குத் தெரியும்.

ஓவன் அந்த மாசமே போயிட்டான். துக்க வீட்டுக்கு ஹாம் சாண்ட்விச் நான்தான் பண்ணி எடுத்துட்டுப் போனேன். நான் பாத்தப்போ தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் பேஞ்ச மழையில கெட்டிருக்கும்னு சொன்னேன். நம்பினா. ஆனா கொதிக்க வச்சதைப் பத்தி யாரோ டாக்டர் சொல்லிட்டார். தன் கையாலேயே பிள்ளையக் கொன்னுட்டோம்னு இன்னிக்கும் ராத்திரியெல்லாம் அழறா. இல்லைன்னு நான் சொல்லல. சொன்னா மிச்சத்தையும் சொல்லணும்.

அந்த வருஷம் என் கையப் பிடிச்சுக்கிட்டு அவ குழு முன்னால பேசினா. யாரும் சிரிக்கல. கிணத்துச் சட்ட மசோதாவுக்கு ஓவன் பேரே வச்சாங்க. அதுக்கப்புறம் என்னால விலக முடியல. ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு அவ வீட்டுல. ரெண்டாவது பிள்ளை நோராவுக்கு ஞானத்தாயும் நான்தான். மசோதா மட்டும் ஒரு ஓட்டுக் குறைஞ்சு அப்படியே நிக்குது. ஒரு குழந்தைதானே, அது விபத்துங்கறாங்க.

இப்ப கெய்லியும் புருஷனும் அவ மாமியார் பண்ணையில குடியிருக்காங்க. கைக்குழந்தை நோராவுக்குப் பால் கலக்கக் கடைத் தண்ணிதான். நேத்து கெய்லி, "நீங்க பாத்துச் சொன்னா போதும், கிணத்துத் தண்ணிக்கு மாறிடறேன்"னா. பாத்தேன். சிவந்துச்சு. தாராளமான்னு சொன்னது என் வாய்தான், என் காதாலேயே கேட்டேன்.

"அப்ப இந்த பாட்டிலெல்லாம் எனக்கெதுக்கு, நீங்க வச்சுக்குங்க"ன்னு என் கார்ல ஏத்தி விட்டுட்டா. வெளியில நிக்குது பாருங்க. விடிய விடிய அதுக்குள்ளயே உக்காந்திருந்தேன். திரும்பிப் போகவும் முடியல, வீட்டுக்குப் போகவும் முடியல. பயமா இருந்துச்சு. அதனாலதான் விடிஞ்சதும் போலீஸ் ஸ்டேஷன்னு உங்ககிட்ட வந்தேன்.

நீங்க எழுதிக்குங்க, எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன். பண்ணைக்கு ஆள் அனுப்பறதை மட்டும் கொஞ்சம் யோசிங்க. இன்னிக்கு செவ்வாய். மசோதாவுக்கு மறுபடி ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. நோரா அவ அண்ணனை விடக் கனமான பிள்ளை, அதுவரைக்கும் தாங்குவா.