இருபத்து நான்காவது குறி

ஓசையைத் தேடுவதற்கு ஏற்ற நேரம், காற்று அடங்கியிருக்கும் அதிகாலை. என் கணவரும் நானும் நான்கு மாதங்கள் அப்படித்தான் வேலை செய்தோம். அவருடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வயது நாற்பத்தொன்று. ஒவ்வொரு தகடும் தனித்தனியே கடகடக்கும். அவர் ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் நான் சாக்பீஸுடன் அமர்ந்திருப்பேன். ஓசை எழும் இடத்தில் குறியிட்டு எண் எழுதுவேன். வீடு திரும்பியதும் அவர் அந்தத் தகட்டைக் கழற்றி, ரப்பர் வாஷர் போட்டு, கம்பளித் துண்டு திணித்து முடுக்குவார். ஓசை நின்றது என்று நான் சொன்ன பிறகே குறியை அழிப்போம். அவருக்குக் காது மந்தம். அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தக் கார் மலைச்சாலையின் ஐந்தாம் வளைவில் உருண்டு அவர் இறந்ததைத் தாங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், ஆய்வாளரே. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என் வயதுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணிப் பிழையான அறிக்கையில் கையெழுத்து வாங்க வேண்டாம்.

அதற்கு முந்தைய ஞாயிறன்று அவருடைய நண்பர்கள் நால்வர் வந்திருந்தார்கள். நால்வரிடமும் பழைய கார்கள் உண்டு.

"என்னப்பா, போன தடவை தகர டப்பா மாதிரி வந்துச்சு. இப்போ பூனை மாதிரி போகுது?" என்றார் ஒருவர்.

என் கணவர் தம் காதைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இந்தக் காதுதான். இதுக்குத் தப்பி ஒரு சத்தம் போயிடுமா?"

"அப்போ வீட்டம்மாவுக்கு என்ன வேலை?"

"அவளா? காத்து வாங்க வருவா. போற வழியில எனக்கு ரெண்டு குறை சொல்லுவா."

சிரித்தார்கள். நான் காபிக் கோப்பைகளை, கைப்பிடிகள் ஒரே திசையில் இருக்குமாறு வைத்துவிட்டு உள்ளே சென்றேன். எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் கடைசிச் சோதனை ஓட்டம். இருபத்து மூன்று குறிகளும் அழிக்கப்பட்டிருந்தன. தகடுகள் எல்லாம் அடங்கிவிட்டதால், அதுவரை மறைந்திருந்த ஓசை ஒன்று இடப்பக்கம் வளையும்போது தெளிவாகக் கேட்டது. அது கடகடப்பு அன்று; என் காலடியில், ஒற்றையாக, 'டொக்'. அதை நான் அறிவேன். சென்ற ஆண்டு வலப்பக்கச் சக்கரத்தில் அதே ஓசை கேட்டபோது மெக்கானிக் என்னிடம் சொன்னார்: "பால் ஜாயின்ட் தேஞ்சுடுச்சும்மா. கழண்டுச்சுன்னா சக்கரம் மடங்கிடும். இதோட மலைப் பக்கம் போயிடாதீங்க."

என் கணவர் காரை நிறுத்தினார். "இன்னும் ஏதாவது கேக்குதாம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"நீ சொன்னா சரிதான். அப்போ நாளைக்கே மலைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

இதில் நான் செய்தது என்ன? தம் காதுக்குத் தப்பி ஒரு சத்தமும் போகாது என்று நான்கு பேர் முன்னிலையில் சொன்னவர் அவர். அந்த ஓசையை அவருடைய காதுக்கே விட்டுவிட்டேன். மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்; கார் ஒரு முனகலும் இன்றித் தெருவைக் கடந்தது. வேலை சுத்தமாக இருந்தது.

பிறகு, நொறுங்கிய காரை அடையாளம் காட்ட என்னை அழைத்தீர்கள். கைப்பையில் சாக்பீஸ் இருந்தது. இடப்பக்க மட்கார்டில் குறியிட்டு, இருபத்து நான்கு என்று எழுதினேன். அதை எழுதியது யார் என்றுதானே மூன்று நாள்களாகக் கேட்கிறீர்கள்? நான்தான். கண்டுபிடித்த ஓசையைக் குறிக்காமல் விடுவது என் வழக்கம் அன்று.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ஓசையைக் கேட்டவள் நான். அதன் பொருள் தெரிந்தவள் நான். தெரிந்தே இல்லை என்றவளும் நான்.

இந்த வாக்குமூலத்துக்கு நான்கு படிகள் எடுத்து அந்த நண்பர்களுக்கு அனுப்பிவையுங்கள். என் கணவர்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. வீட்டம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அதற்கு இன்னும் யாரும் சரியான விடை சொல்லவில்லை.