கேட்டு வாங்கிய மணி பிளான்ட்

எரியோடு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“நீங்க குடுத்த மணி பிளான்ட் அழுகிப்போச்சுக்கா.”

“பாட்டில்ல தண்ணி மாத்துனியா?”

“மாத்தலக்கா. மொட்ட மாடி வெயில்லதான் வச்சிருந்தேன்.”

“அதெல்லாம் காரணமில்ல. கேட்டு வாங்குன பாரு, அதான். மணி பிளான்ட்டத் திருடித்தான் வைக்கணும். அப்பத்தான் வீட்டுல காசு தங்கும்.”

“அப்ப உங்க வீட்டுலயே ஒரு கொடி திருடிக்கிறேன்.”

“ஏன், எங்க அதிர்ஷ்டம் போறதுக்கா? என் நாத்தனா வீட்டுல கெடக்கு. நான் வாசல்ல பேச்சுக் குடுக்குறேன், நீ பின்னாடி போய்க் கிள்ளிக்க.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு மட்டும் கேட்டதும் குடுத்தீங்களேக்கா?”

“கேட்டு வாங்குனா எங்க அதிர்ஷ்டம் அதுகூடப் போகாதுல்ல, அதான் குடுத்தேன்.”