பலகையில் அறுபது கோழிகள்

எனக்குக் கோழி பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சார். குழம்பாகவும் பிடிக்கும், வறுவலாகவும் பிடிக்கும்.

என் பெயர் துரை. மாரிகுப்பத்தில் வீடு, பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலில் போய் இருட்டியபின் திரும்புகிறவன். மனோகர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவான். அவனுக்காக ஜன்னலோரத்தில் துண்டு போட்டு வைப்பேன். ஏறியதும் என் இடது தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். பங்காருப்பேட்டையில் எழுப்பி டீ வாங்கிக் கொடுப்பேன். பதினெட்டு வருடம் இப்படி. என் மனைவிகூட என்மேல் அத்தனை நேரம் சாய்ந்தது கிடையாது.

போன தை மாதம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “அண்ணா, வேலைய உட்டுட்டேன். வூட்டுக்குப் பின்னால நாட்டுக்கோழி வளக்கப் போறேன். இந்த ரயிலே வேணாம்ண்ணா, முதுகு போச்சு.”

வாழ்த்தினேன். மனதார வாழ்த்தினேன். அன்று என் டீ ஆறிப்போனது.

அறுபது கோழி வாங்கினான். அவன் அப்பாவும் என் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். மேலே வந்தவன் தன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். ஆளை எண்ண மாட்டார்கள், டோக்கனைத்தான் எண்ணுவார்கள். மனோகரும் அறுபது தகரத் துண்டில் எண் அடித்து ஆணியில் மாட்டினான். கோழி விற்றாலோ செத்தாலோ ஒன்றைக் கழற்றுவது. சாயங்காலம் கூண்டுக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொள்ளும். இவன் பலகையை எண்ணி, “அறுபதும் கீது” என்று கதவைச் சாத்துவான்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் மனைவி ஜூடித்தும் சர்ச்சுக்குப் போவார்கள். காவலுக்கு நானே முன்வந்தேன். வாரம் ஒன்றுதான் எடுத்தேன், சில வாரம் இரண்டு. டோக்கனைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் அது திருட்டு.

ஒன்றைக்கூட விற்கவில்லை. அவ்வளவு கேவலமானவன் இல்லை நான். கழுத்தைத் திருகி டிபன் பையில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை ஜூடித்தே எடுத்துக் கொடுத்து, “கனமா கீதேண்ணா” என்றாள். சாயங்காலம் அவர்களையே விருந்துக்குக் கூப்பிடுவேன்.

“இன்னா ருசிண்ணா! எங்க வாங்கினீங்க?” என்பான் மனோகர்.

“ராபர்ட்சன்பேட்டையில்” என்பேன்.

“எங்க கோழில இந்த ருசி வராதுண்ணா” என்று எலும்பை உறிஞ்சுவான். அது அவனுக்குச் சேர வேண்டிய பாராட்டு. சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

முட்டை குறைந்தபோது கவலைப்பட்டான். இறகு உதிர்க்கிற காலம் என்று ஆறுதல் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு ஓட்டல்காரர் ஐம்பது கோழி கேட்டு வேன் அனுப்பினார். இந்த ஆர்டர் போனால்தான் பண்ணை நிற்கும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பலகையைப் பார்த்து, “அம்பது எடுத்துக்கோங்க, பத்து நிக்கட்டும்” என்றான். கூண்டைத் திறந்தார்கள். பதினொன்று வந்தன. பன்னிரண்டாவதுக்காக மனோகர் வெகுநேரம் உள்ளே கையை விட்டுத் துழாவினான். வேன் காலியாகப் போனது.

பிறகு பலகைக்குக் கீழே உட்கார்ந்து அழுதான். “டோக்கன் கீதேண்ணா. டோக்கன் இருந்தா ஆளு மேல வந்துட்டான்னுதானே அர்த்தம்?”



உங்களிடம் வந்த புகாரைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். கீரிப்பிள்ளை மேல் சந்தேகம் என்று சேர்த்ததும் நான். கையெழுத்தை ஒத்துப் பார்க்கலாம். நீங்களோ அவன் பக்கத்து வீட்டு ஆர்தரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். பாவம், டாக்டர் சொல்லி அவர் கறியை விட்டு நாலு வருடமாகிறது. அவரை அனுப்பிவிடுங்கள். நாற்பத்தொன்பதும் நான்தான்.

மனோகர் பழைய வேலையைக் கெஞ்சி வாங்கிவிட்டான். நாளையிலிருந்து மறுபடியும் ரயில். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வாங்கி வைத்திருக்கிறேன். ஆகவே கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் விட்டால் நல்லது, மாரிகுப்பத்திலேயே ஏறி இடம் பிடிக்க வேண்டும். விஷயம் தெரிந்தால் இரண்டு நாள் பேச மாட்டான். அப்புறம் சரியாகிவிடுவான்.

என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சார்?