விதைக் கெழங்கு வழக்கு

இல்லைங்க மிஸ், ஆபீஸ் மாறி வரல. நீங்க மாடசாமிக்காகப் பேசின லோயர்னு தெரிஞ்சுதான் வந்தேன். நான் எதிர்ப்பக்கம், கதிர்காமநாதன். வழக்குப் போட்டவன். ஜெயிச்சவனும் நான்தான். அதுதான் இப்ப பிரச்சினை.

உக்காரலாமா? சரி.

பணத்தக் கேக்க வரல மிஸ். பயப்படாதீங்க. கொஞ்சம் கேளுங்க.

பதுளையில எங்களுக்கு உரம், விதை, மருந்துக் கட. மாடசாமி ஹாலிஎலப் பக்கம் தேயிலத் தோட்டத்து ஆளு. தோட்ட வேலைய விட்டுட்டு வெலிமடையில குத்தகைக்கு நெலம் எடுத்து உருளக்கெழங்கு போட்டாரு. விதையும் உரமும் நான்தான் கடனுக்குக் குடுத்தேன். அந்த வருச மழையில எல்லாம் அழுகிப் போச்சு. கடன் திரும்பல. அதுக்காக நான் கோட்டுக்குப் போகல. திரும்பாத கடனுக்கெல்லாம் கோட்டுக்குப் போனா கடைய யாரு பாக்குறது. கட நெறைய ஆளு நிக்கிறப்போ வந்து, நீங்க குடுத்த விதையே அழுகல்னு சொல்லிட்டாரு. அன்னிக்கே லோயரப் பாத்தேன்.

மொதல்ல கோட்டு வாசல்ல ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் இருந்தோம். ஆனா நம்மள உள்ள கூப்புடுற வரைக்கும் உக்கார பெஞ்சு ஒண்ணுதானே இருக்கு. கேஸ் கூப்புடுற தவண நாளு எத்தனைக்குத்தான் செவரையே பாத்துக்கிட்டு இருக்கிறது. அவரு ஒரு நாளு கரட் வெல என்னன்னு கேட்டாரு. நான் சொன்னேன். அப்பிடித்தான் ஆரம்பிச்சுது.

கேஸ் தள்ளித் தள்ளிப் போனதுக்கும் கோட்டக் கொற சொல்ல முடியாது மிஸ். ஒரு தரம் எனக்கு ஆப்பரேசன். ஒரு தரம் அவரு மக விஜயலெட்சுமிக்குக் கல்யாணம். பொறகு கொரோனா, பொறகு டீசல் இல்ல. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போனேன். முன்னுக்கே உக்கார வச்சாரு. மாப்பிள வீட்டுக்காரங்க இவரு யாருன்னு கேட்டாங்க. என் மேல கேஸ் போட்டிருக்கிற மொதலாளின்னு சொன்னாரு. நல்லாத்தான் கவனிச்சாங்க.

என் சம்சாரம் கனகம் தவறினப்போ விடிய முன்ன வந்துட்டாரு. வந்தவங்க உக்காரக் கதிரை எறக்குனது, தண்ணி குடுத்தது எல்லாம் அவருதான். அடுத்த தவணைக்கு நீங்க என்னையக் கூண்டுல ஏத்தி, நான் பொய் சொல்லுறேன்னு மடக்குனீங்க. ஞாபகம் இருக்கா? இல்ல இல்ல, அது உங்க தொழில். வெளிய வந்ததும் மாடசாமி மன்னிச்சிருங்க மொதலாளி, அந்தப் புள்ள அப்பிடிப் பேசும்னு நான் நெனைக்கலன்னாரு. நீங்க நல்லாப் பேசுனீங்கன்னுதான் நான் சொன்னேன்.

கடைசித் தவண அன்னிக்குத் தீர்ப்புன்னு நீங்களும் சொல்லியிருந்தீங்களாம், என் லோயரும் சொன்னாரு. நாங்க நம்பல. இதுவும் தள்ளிப் போகும்னு மாடசாமி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரெண்டு பேருக்கும் சாப்பாடு சொல்லி வச்சிட்டு வந்திருந்தாரு. பாத்தா வட்டியோட கட்டணும்னு வாசிக்கிறாங்க. திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம். ரெண்டு சாப்பாட்டுக்கும் நான்தான் காசு குடுத்தேன். ஒண்ணு மிஞ்சிப் போச்சு. மத்ததும் முழுசா எறங்கல.

பொறகு கடைக்கு வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. ரோட்டுல நின்னுக்கிட்டே லொறிய வித்துக் கட்டிர்றேன்னாரு. சின்ன லொறிதான் மிஸ், லீக்ஸ், கரட்னு மரக்கறி ஏத்துறது. அது இல்லாட்டி இந்த வயசுல என்ன பண்ணுவாரு. எனக்கு வேணாங்கன்னேன். ஜட்ஜே கட்டச் சொல்லிட்டாரு, வேணாம்னு சொல்ல நீங்க யாருன்னு கேட்டாரு. ஞாயமான கேள்விதான்.

என்னாது, பணம் கெடச்சிருச்சுன்னு கோட்டுல எழுதிக் குடுக்கவா? என் லோயரும் அதத்தான் சொன்னாரு. குடுத்தா அந்த மனுசன் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. பிச்ச போட்டேன்னு நெனைப்பாரு.

அதான் வந்தேன். அவரு அப்பீல் பண்ணட்டும். அப்பீல் நடக்குற வரைக்கும் லொறி விக்காம அவருகிட்டயே நிக்கும்ல. செலவுக்கு வழியில்லன்னு வேணாங்கிறாராம், அவரு மகதான் சொல்லிச்சு. இந்தாங்க. உங்க பீசும் இருக்கு, கோட்டுச் செலவும் இருக்கு. பத்தாட்டிச் சொல்லுங்க. மொதல் பீசுலயே அப்பீலும் சேந்துருச்சுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க. வழக்கு விசயத்துல நீங்க எதச் சொன்னாலும் நம்புவாரு.

தெரியும் மிஸ், சட்டத்துல இப்பிடி இடமில்ல. அதுக்குத்தான் பில்லு வேணாங்கிறேன். கொஞ்சம் யோசிங்க, நான் உக்காந்திருக்கேன். கடையில எனக்கு ஒரு வேலையும் இல்ல. இப்ப மகன் இந்திரஜித்துதான் பாக்குறான். கல்லாவுக்குப் பக்கத்துல எனக்குக் கதிரை போட்டிருக்கான், பேன் வச்சிருக்கான், ஒரு கொறையும் இல்ல. தவண நாளுன்னா மட்டும் காலையிலயே சவரம் பண்ணிக்குவேன்.

அப்பீல்ல நான் தோத்துட்டாலா? தோத்தாத் தோத்துட்டுப் போறேன் மிஸ். சீக்கிரமாத் தோத்துறக் கூடாது, அவ்வளவுதான்.